கட்சி எதுவானாலும், எல்லையில் நிற்பவர் வீட்டுக்குச் செய்ய வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 7 கொடிநாள் வருகிறது. 1949 முதல் ஆண்டுதோறும் அனுசரிக்கப்படும் இந்த நாளையொட்டி, படையில் இருப்பவர்களுக்கும் ஊரில் இருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் பொதுமக்கள் என்னென்ன செய்ய முடியும் என்பதை விவரமாக எழுதுகிறோம். கடிதம் சற்று நீளம்தான். இந்த விவரங்கள் தெரியாமல் பல குடும்பங்கள் படும் அவதியைப் பார்த்து வருவதால் சுருக்க மனம் வரவில்லை.

முதலில் அரசியலைப் பேசிவிடுவோம். எல்லையில் பதற்றம் வரும்போதெல்லாம், அரசை விமர்சிப்பவர் ராணுவத்துக்கு எதிரி என்றும், ராணுவத்தைப் பாராட்டுபவர் ஆளுங்கட்சியின் ஆள் என்றும் ஊருக்குள் ஒரு சண்டை கிளம்புகிறது. எங்கே போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதைப் படைவீரர் தீர்மானிப்பதில்லை, அமைச்சரவை தீர்மானிக்கிறது. அந்த முடிவு தவறு என்று சொல்ல ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு. ஆனால் வீரருக்கு அந்த உரிமைகூட இல்லை. 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டமும் அதன் விதிகளும் அவர் அரசியல் கூட்டத்துக்குப் போவதையும் பத்திரிகைக்கு எழுதுவதையும் கட்டுப்படுத்துகின்றன. ஓட்டு மட்டும் போடலாம். பதில் பேச முடியாத ஒருவரின் பெயரை எடுத்து இரண்டு தரப்பும் சண்டை போடுவது நியாயம் இல்லை. கட்சி விளம்பரங்களில் படைவீரர்களின் படங்களைப் போடக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013 டிசம்பரில் சொன்னது. விங் கமாண்டர் அபிநந்தனின் படம் பேனர்களில் ஏறியபின் 2019 மார்ச்சில் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி அனுபவம் உண்டு. 1987 ஜூலை ஒப்பந்தத்தை அடுத்து இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் 1,100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று நடந்த சண்டையில் இறந்து, பரம்வீர் சக்ரா பெற்றார். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவுகள் சென்னையில் வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் மு. கருணாநிதி வரவேற்புக்குச் செல்லவில்லை. ஈழத்தில் தமிழர் பட்ட துன்பத்தை மனத்தில் வைத்து எடுத்த முடிவு அது. சரி என்பவர்களும் தவறு என்பவர்களும் இன்றும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பொதுமக்கள் பலியானதை யாரும் மூடி மறைக்க வேண்டியதில்லை; குற்றம் செய்தவர் எந்தச் சீருடையில் இருந்தாலும் விசாரிக்கப்பட வேண்டியவரே. ஆனால் கை கால் இழந்து கப்பலிலிருந்து இறங்கிய ஒரு சிப்பாய்க்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியைக்கூட மாற்றும் அதிகாரம் இருந்ததில்லை. அதே கட்சி ஆட்சியில் இருந்தபோது, 2025 மே 10 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் தலைமையில் சென்னையில் ராணுவத்துக்கு ஆதரவாகப் பேரணி நடந்தது. மத்திய அரசோடு அவருக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு இருந்தும் அது நடந்தது. கொள்கை வேறு, களத்தில் நிற்கும் ஆள் வேறு என்று பிரித்துப் பார்க்க முடியும் என்பதற்கு அது போதும்.

படைக்கு நான்கு ஆண்டுக்கு ஆள் எடுக்கும் அக்னிபாத் திட்டத்திலும் இதேதான். 2022 ஜூனில் அறிவித்த நாளிலிருந்து அதை எதிர்ப்பவர்கள் உண்டு, எங்களுக்குள்ளேயே உண்டு. நான்கு ஆண்டு முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள், ஓய்வூதியம் கிடையாது, மற்ற வீரருக்கு ஆண்டு விடுப்பு 60 நாள் என்றால் அக்னிவீரருக்கு 30 நாள். திட்டத்தை எதிர்த்து மனுப்போடுங்கள், ஊர்வலம் போங்கள். அதற்காக, "நாலு வருஷ சிப்பாய்தானே" என்று அந்தப் பையனின் அம்மா காதுபடப் பேசாதீர்கள். மற்றவர் நிற்கும் அதே பனியில்தான் அவரும் நிற்கிறார். விடுப்பு குறைவு என்பதால் அவர் வீட்டுக்குத்தான் ஊர் உதவி கூடுதலாகத் தேவைப்படும்.

இனி நடைமுறைக்கு வருவோம். விலாசத்தில் தொடங்குகிறோம், ஏனென்றால் அனுப்பும் பொருளில் பாதி அங்கேதான் தவறிப்போகிறது.

களத்தில் இருப்பவருக்கு எழுதும் விலாசத்தில் ஊர்ப்பெயர் வராது, வரவும் கூடாது. படை எண், ரேங்க், பெயர், யூனிட், பிறகு "மேற்பார்வை 56 ஏ.பி.ஓ." அல்லது "மேற்பார்வை 99 ஏ.பி.ஓ." (ஏ.பி.ஓ. என்பது ராணுவ அஞ்சல் நிலையம்), கடைசியில் 9-ல் தொடங்கும் ஆறு இலக்கப் பின்கோடு, அவ்வளவுதான். விலாசத்தை ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. 56 என்பது வடக்கு, மேற்குப் பகுதிகளுக்கு. டெல்லி வழியாகப் போகும். 99 என்பது கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளுக்கு. கொல்கத்தா வழியாகப் போகும். படை எண்ணின் முடிவில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், அதை விட்டுவிடுகிறார்கள். ஒரு யூனிட்டில் மூன்று செந்தில்குமார் இருந்தால் அந்த எண்தான் ஆளைக் காட்டும். உறையின் மேல் "லடாக்", "கார்கில்", "தவாங்" என்று பாசத்தோடு சேர்த்து எழுதுவதும் தவறு. எந்தப் படைப்பிரிவு எங்கே இருக்கிறது என்பதைத் தபால் கட்டிலிருந்து ஊர் அறியக் கூடாது என்பதற்காகவே அந்த எண் முறை வந்தது.

தனியார் கூரியர் இந்த விலாசத்துக்குப் போகாது. இணையத்தில் பொருள் வாங்கி நேரே அனுப்ப முயன்றாலும் 9-ல் தொடங்கும் பின்கோடைப் பல தளங்கள் ஏற்பதில்லை. இந்திய அஞ்சல்துறையின் ஸ்பீட் போஸ்ட் அல்லது பார்சல்தான் வழி. ராணுவ அஞ்சல் பிரிவின் கைக்குப் போனபின் இணையத்தில் தடம் பார்த்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. தொலைந்துவிட்டது என்று பதறி இரண்டாவது பார்சல் போட வேண்டாம். குளிர்காலத்தில் லடாக் போகும் வழியிலுள்ள சோஜிலா கணவாய் அடைபட்டால் சரக்கெல்லாம் விமானத்தை நம்பித்தான் இருக்கும், விமானம் வானிலையை நம்பி இருக்கும். பொங்கலுக்குப் போய்ச் சேர வேண்டியதை மார்கழி பிறப்பதற்கு முன்பே அனுப்பிவிட வேண்டும்.

பெட்டிக்குள் என்ன வைப்பது? ஸ்வெட்டர், கம்பளிக் குல்லா, கையுறை எல்லாம் வேண்டாம். மைனஸ் பத்து, இருபது டிகிரிக் குளிரையும் தாங்கும் தனி உடைகளைப் படையே கொடுக்கிறது. கடைக் கம்பளி வியர்வையில் நனைந்து உறைந்தால் ஆபத்துதான். உயரத்தில் பசி குறையும், நாக்கு செத்துப்போகும். இனிப்பைவிடப் புளிப்பும் காரமும்தான் கேட்கும். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த மோர்மிளகாய், சுண்டைக்காய் வற்றல், காபித் தூள், சுக்கு, மிளகு ஆகியவை அங்கே தங்கத்துக்குச் சமம். கோவில்பட்டி கடலை மிட்டாய் நன்றாகத் தாங்கும். உறைந்தால் பல் உடையும் அளவுக்கு இறுகும், ஆனால் உள்சட்டைப் பையில் சற்றுநேரம் வைத்தால் இளகிவிடும். மணப்பாறை முறுக்கு கெடாது, நொறுங்கும். தேங்காய் சேர்ந்த எதுவும் ஒரு மாதத்தில் காறிப்போகும். நெய் அதிகமுள்ள அல்வா கல்லாகும். பச்சரிசி, ராகி மாவு அனுப்பிப் பயனில்லை. 18,000 அடியில் தண்ணீர் 80 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் கொதித்துவிடும்; பிரஷர் குக்கர் இல்லாமல் அரிசி வேகாது, மண்ணெண்ணெயும் அளந்துதான் வரும். வெந்நீர் ஊற்றிக் கலந்தால் தின்னக்கூடியதாக இருக்க வேண்டும். அதுதான் கணக்கு.

ஊறுகாய் அனுப்பாதவர் யாருமில்லை, பெட்டியை நாசமாக்குவதும் பெரும்பாலும் ஊறுகாய்தான். கண்ணாடிப் புட்டி வழியிலேயே உடையும். பிளாஸ்டிக் டப்பாவில் வாய்வரை நிரப்பி மூடினால் வேறு சங்கடம் வரும். லே நகரிலேயே காற்றழுத்தம் நம் ஊரைப்போல மூன்றில் இரண்டு பங்குதான். 18,000 அடியில் பாதி. டப்பாவுக்குள் அடைபட்ட காற்று விரிந்து மூடியைத் தள்ளும், எண்ணெய் கசியும், பொடி, கடிதம், புகைப்படம் எல்லாம் நனையும். எனவே ஊறுகாயை எண்ணெய் வடித்து, தொக்குப் பதத்தில், சிறு சிறு பாலித்தீன் பைகளாக, காற்றைப் பிழிந்து வெளியேற்றிக் கட்டுங்கள். அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டுத் தனியாக மூலையில் வையுங்கள். கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டும் பலூன்போல உப்பும். ஊசியால் குத்திக் காற்றை இறக்கி, மேலே டேப் ஒட்டி அனுப்பலாம்.

உணவு தவிர, உதட்டு வெடிப்புக்கு வாசலின், சன்ஸ்கிரீன், சின்ன நகவெட்டி, ஊசி நூல், தமிழ் வார இதழ் ஒன்றிரண்டு, ஒரு செஸ் போர்டு அல்லது சீட்டுக்கட்டு. தீப்பெட்டி, லைட்டர், சென்ட் புட்டி, பவர்பேங்க் ஆகியவற்றைத் தபாலில் போடக் கூடாது. விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், பெட்டி முழுவதும் நின்றுவிடும். எடை மூன்று நான்கு கிலோவுக்குள் இருக்கட்டும். அடிவார முகாமுக்கு மேலே அதை யாரோ ஒருவர் முதுகிலோ கோவேறு கழுதையிலோ ஹெலிகாப்டரிலோதான் ஏற்றிப்போக வேண்டும். மூன்று அடுக்கு அட்டைப்பெட்டியில் போட்டு, வெளியே துணி சுற்றித் தைத்து, விலாசத்தை இரண்டு பக்கமும் எழுதி, உள்ளேயும் ஒரு சீட்டில் எழுதிப் போடுங்கள். மேலே எழுதியது பனியில் அழிந்தாலும் உள்சீட்டு கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பள்ளிகள், சங்கங்கள் மொத்தமாக அனுப்ப நினைத்தால், வாங்கி வைத்துவிட்டு வழி தேடாதீர்கள். முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய் உதவி இயக்குநரிடம் கேளுங்கள். மாணவர் கடிதங்களில் முழு முகவரி, கைபேசி எண் வேண்டாம். பெயரும் வகுப்பும் போதும். "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்ற கேள்வி ஒவ்வொரு கட்டிலும் ஒன்றிரண்டாவது இருக்கும், ஆசிரியர்கள் அதை எடுத்துவிட வேண்டும். ஊரில் மழை பெய்ததா, ஏரி நிரம்பியதா, கபடியில் யார் ஜெயித்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். படிப்பவர் அதைத்தான் இரண்டாம் முறையும் படிப்பார்.

பார்சல் எல்லோருக்கும் கண்ணில் படுகிற உதவி. வீட்டுக் காகிதங்களைச் சரியாக வைத்திருக்கச் செய்வது கண்ணில் படாத உதவி; எங்கள் கணிப்பில் அதுவே பெரியது.

கல்யாணம் ஆனதும், குழந்தை பிறந்ததும் அது "பார்ட் டூ ஆர்டர்" என்ற யூனிட் உத்தரவில் ஏறி, ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குப் போக வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்களுக்கு அது நீலகிரி வெலிங்டனில், மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆட்களுக்குப் பெங்களூரில். அதில் ஏறாத மனைவி, ராணுவத்தின் கணக்கில் மனைவியே இல்லை. திருமணப் பதிவுச் சான்று, தம்பதி புகைப்படம், மனைவியின் ஆதார் ஆகியவை தேவை. நம் ஊர்க்காரர்கள் இதில் மாட்டுவது இனிஷியலில். பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரின் எழுத்தோடு "எஸ். கவிதா", கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயரோடு "கவிதா முருகன்", வங்கிப் புத்தகத்தில் "எம். கவிதா", குழந்தையின் பிறப்புச் சான்றில் வெறும் "கவிதா". நமக்கு இது ஒரே ஆள். வடக்கே உட்கார்ந்து கணினியில் பொருத்திப் பார்ப்பவருக்கு நான்கு பேர். ஏதாவது ஆகிவிட்டால் ஓய்வூதியமும் காப்பீடும் மாதக்கணக்கில் நின்றுபோவது இதனால்தான். கணவர் விடுப்பில் இருக்கும்போதே எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலுக்கு மாற்றிவிட வேண்டும். முதலில் ஆதார், பிறகு பான், பிறகு வங்கி, கடைசியில் யூனிட் என்ற வரிசையில் போனால் திரும்பத் திரும்ப அலைய வேண்டியதில்லை. ஊரில் இ-சேவை மையம் நடத்துபவர்களும் கிராம நிர்வாக அலுவலரும் ஒரு படைவீரர் மனைவியை இதற்காக நான்கு முறை நடக்கவிடாமல் இருந்தாலே அது தேசசேவை.

நாமினேஷனும் அப்படித்தான். படையில் சேர்ந்த புதிதில் வருங்கால வைப்பு நிதிக்கும் குழுக் காப்பீட்டுக்கும் அம்மா பெயரைக் கொடுத்திருப்பார். கல்யாணத்துக்குப் பிறகு மாற்ற மறந்திருப்பார். அவர் இறந்த துக்கம் ஆறுமுன்பே மாமியாரும் மருமகளும் கோர்ட்டில் எதிரெதிரே நிற்பதைத் தவிர்க்க, பங்கை இருவருக்கும் சதவீதமாகப் பிரித்து எழுதிவைக்கலாம்.

அடுத்தது நிலம். வீரர் ஊரில் இல்லை என்று தெரிந்தால் வேலி ஒரு முழம் நகர்வது நம் கிராமங்களில் நடக்கிறது. மனைவி காவல் நிலையத்துக்குப் போனால் "இது சிவில் விவகாரம்" என்று அனுப்பிவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்த்து, புலப்பட நகலோடு பத்திரப்படுத்துங்கள். பிரச்சினை என்றால் வீரர் தன் யூனிட்டில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கமாண்டிங் ஆபீசர் மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் எழுதுவார். அதன் நகல் ஒன்று உதவி இயக்குநருக்கும் போகட்டும். ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்கள், படையில் பணிபுரிவோர் குடும்பத்தினருக்கென்றே சிறப்புக் குறைதீர் கூட்டம் நடக்கிறது. மனுவை இரண்டு பிரதியாக, அடையாள அட்டை நகலோடு கொண்டுபோக வேண்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரக் கூடாது. அடுத்த கூட்டத்தில் அந்த எண்ணைச் சொன்னால்தான் கோப்பு நகரும். சகோதரருக்கோ மைத்துனருக்கோ பொது அதிகார ஆவணம் எழுதிக்கொடுப்பவர்கள், எந்தச் சர்வே எண்ணுக்கு, என்ன காரியத்துக்கு என்று குறிப்பிட்டு எழுதுங்கள். எல்லா அதிகாரமும் கொடுத்துவிட்டுப் போய், திரும்பி வரும்போது நிலம் கைமாறியிருந்த கதைகள் உண்டு.

வழக்கு வந்துவிட்டால், 1925-ஆம் ஆண்டின் இந்திய வீரர்கள் வழக்குச் சட்டம் இருக்கிறது. பழைய சட்டம், வக்கீல்களிலேயே பலர் மறந்த சட்டம். கள நிலைமையில் பணிபுரிபவர் வர முடியாது என்று உரிய ராணுவ அதிகாரி சான்று கொடுத்தால் நீதிமன்றம் வழக்கை ஒத்திவைக்க வேண்டும். அவர் இல்லாதபோது வந்த ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். காலவரம்பைக் கணக்கிடும்போது அந்தப் பணிக்காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். சிவில் நடைமுறைச் சட்டப்படி படைவீரருக்கான சம்மன் அவருடைய கமாண்டிங் ஆபீசர் வழியாகத்தான் போக வேண்டும். நடப்பது என்னவென்றால், சம்மன் வீட்டுக்கு வருகிறது, வீட்டில் வயதான அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார், மகனுக்குத் தெரியும்போது தீர்ப்பே வந்திருக்கும். அந்தத் தெருவில் படித்தவர் ஒருவர் இருந்தால், கோர்ட்டு முத்திரையுள்ள எந்தக் காகிதம் வந்தாலும் அன்றே படம் எடுத்து மகனுக்கு அனுப்ப உதவுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு, தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலை 26 அன்று ஸ்ரீநகரில் தொடங்கிய வீர் பரிவார் சகாயதா திட்டத்தின்கீழ் படைவீரர் நல அலுவலகங்கள் வழியாக இலவச சட்ட உதவி கிடைக்கும்.

ஊரில் சாவு விழுந்தால் தகவல் சொல்வது எப்படி? தந்தி 2013 ஜூலையோடு போய்விட்டது. கைபேசி சிக்னல் முன்னணிச் சாவடிகளில் கிடைக்காது. "மகன் எங்கே இருக்கிறான்?" என்றால் "காஷ்மீர்ல" என்பதற்கு மேல் சொல்லத் தெரியாத வீடுகள் இன்றும் இருக்கின்றன. படை எண், ரேங்க், யூனிட், கம்பெனி, கம்பெனி சுபேதாரின் எண், பக்கத்து ஊரைச் சேர்ந்த சக வீரர் ஒருவரின் எண், இவற்றை எழுதி நாட்காட்டிக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் நல அலுவலகமும் உள்ளூர்க் காவல் நிலையமும் செய்தி அனுப்ப உதவும். செய்தி போனபின் பொறுமை வேண்டும். சாவடியிலிருந்து இறங்கவே சில சமயம் இரண்டு மூன்று நாள் ஆகும். லேயிலிருந்து விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் கிளம்பும். பனிமூட்டம் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ரயில் என்றால் ஜம்முவிலிருந்து நம் தென்கோடி வரை மூன்று நாள். ஐஸ் பெட்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டுக் காத்திருக்கலாமா, எடுத்துவிடலாமா என்பதை மகனிடமே கேட்டு ஊர்ப் பெரியவர்கள் முடிவெடுக்கட்டும். "பெத்த பிள்ளை வரலையே" என்று பந்தலில் பேசும் பேச்சு அவர் காதுக்கு எப்படியும் போகும்.

பணம் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு விளக்கம். கொடிநாள் நிதி துப்பாக்கி வாங்கப் போவதில்லை. போர் விதவைகள், ஊனமுற்ற வீரர்கள், வசதியற்ற முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு அது போகிறது. அந்த நிதியிலிருந்து, ஓய்வூதியம் இல்லாத 65 வயது கடந்த முன்னாள் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மாதம் 8,000 ரூபாய், பிள்ளைகள் படிப்புக்குத் தலைக்கு மாதம் 2,000, மகள் திருமணத்துக்கு 1,00,000 என ஹவில்தார் ரேங்க் வரையிலான குடும்பங்களுக்குக் கொடுக்கிறார்கள். 2025 நவம்பர் 1 முதல் இந்தத் தொகைகள் இரட்டிப்பானவை. மாணவரிடம் கட்டாயமாக வசூலிக்காதீர்கள், வெறுப்புதான் வளரும். களத்தில் உயிரிழந்தோர், காயமுற்றோர் குடும்பங்களுக்கென்றே முப்படைகளின் போர் இழப்பு நல நிதி இருக்கிறது. அதற்கான 'மா பாரதி கே சபூத்' தளம் 2022 அக்டோபரில் தொடங்கியது. சி.ஆர்.பி.எப்., பி.எஸ்.எப். வீரர்கள் உள்துறையின்கீழ் வருகிறவர்கள். 2019 பிப்ரவரி 14 புல்வாமாவில் இறந்த 40 பேரும் சி.ஆர்.பி.எப். அவர்கள் குடும்பத்துக்கு 'பாரத் கே வீர்' தளம் வழியாகக் கொடுக்கலாம். ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் ஏதோ ஒரு வங்கிக் கணக்கு எண்ணோடு வாட்ஸ்அப்பில் சுற்றும் வேண்டுகோளைப் பார்த்து அனுப்பாதீர்கள், மற்றவருக்குத் தள்ளிவிடவும் வேண்டாம்.

கைபேசி விஷயத்தில் ஒன்றுதான் கேட்கிறோம். ரயில் நிலையத்தில் மகனை வழியனுப்பும் படம், யூனிட் பெயர், கிளம்பும் நேரம், "இன்னிக்கு மேலே போறான்" என்ற ஸ்டேட்டஸ் எதுவும் வேண்டாம். 2020 ஜூலையில் ராணுவம் தன் ஆட்களைப் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட 89 செயலிகளை நீக்கச் சொன்னது. அவர் நீக்கிய கணக்கை மச்சானின் கணக்கு வழியாக ஊருக்குத் திறந்துவிட்டால் என்ன பயன்? சாலையில் ராணுவ வண்டி வரிசை போனால் படம் எடுக்காமல் வழிவிடுங்கள்.

இறப்புச் செய்தியில் இது இன்னும் முக்கியம். ராணுவம் குடும்பத்துக்குச் சொல்லும் முன் குழுக்களில் படம் பரவி, அதைப் பார்த்து மனைவி தெரிந்துகொள்வது மிகப் பெரிய கொடுமை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆம் பட்டாலியன் சாவடி பனிச்சரிவில் புதைந்து பத்துப் பேர் உயிரிழந்தார்கள், நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். உடல்கள் ஊர் வந்து சேரப் பத்து நாளுக்கு மேல் ஆனது. அத்தனை நாளும் அந்த வீடுகளுக்குத் தேவைப்பட்டது சமைத்த சாப்பாடும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும், வாசலில் கேமராவை ஒதுக்கி நிறுத்த இரண்டு பேரும். இறுதி ஊர்வலத்தில் இறந்தவர் முகத்தைவிடத் தலைவர் முகம் பெரிதாக இருக்கும் பிளெக்ஸை எந்தக் கட்சியும் வைக்க வேண்டாம். உடல்மீது போர்த்த தேசியக்கொடி மட்டும்தான். அடக்கத்துக்கும் தகனத்துக்கும் முன் அதை எடுத்து மடித்துக் குடும்பத்திடம் கொடுத்துவிடுவார்கள். மேலே வேறு கொடி விழக் கூடாது. அந்தத் தாயோ மனைவியோ அரசைப் பாராட்டினாலும் திட்டினாலும் அது அவர்கள் உரிமை. பஹல்காமில் 2025 ஏப்ரல் 22 அன்று கணவரை இழந்த கடற்படை அதிகாரியின் மனைவி, முஸ்லிம்கள்மீதும் காஷ்மீரிகள்மீதும் வெறுப்புக் காட்ட வேண்டாம் என்று கேட்டதற்காக அவரை இணையத்தில் சிலர் வசைபாடினார்கள். தங்களைத் தேசபக்தர் என்று சொல்லிக்கொண்டே அதைச் செய்தார்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். படைவீரர் குடும்பங்களுக்கான சிறப்புக் குறைதீர் கூட்டம் எந்த மாவட்டத்தில் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்பது செய்திக்குறிப்பாக வருகிறது. பல நேரம் கூட்டம் முடிந்த மறுநாள், ஆட்சியர் மனு வாங்கும் படத்தோடு அச்சாகிறது. அதை முன்கூட்டியே, 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில், மனு இரண்டு பிரதி, அடையாள அட்டை நகல் என்ற குறிப்போடு வெளியிட்டு உதவ வேண்டும். மாவட்டப் பதிப்புகளில் நான்கு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படைவீரர்கள் சிலர்,
வேலூர் மாவட்டம்.